முகூர்த்தம் எந்த மாதம், பூ என்ன பூ? பூக்கடை அக்கா பதில்கள்

கார்த்திகை முடிவதற்குள்ளேயே தை, மாசி கல்யாண வீட்டுக் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. அதனால் இந்த இதழில் பூ பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில். சமையல்காரர் பற்றியும் மேளக்காரர் பற்றியும் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்குத் தெரிந்தது வேலூர் நேதாஜி மார்க்கெட்டும் அங்கே வந்து இறங்குகிற பூவும்தான்.

அக்கா, தை கடைசியில் மகளுக்குக் கல்யாணம். ஜடை, மாலை, மேடை எல்லாமே குண்டுமல்லியில்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். போனில் ஏதோ படம் பார்த்திருக்கிறாள். விலை கேட்டால் எனக்குத் தலை சுற்றுகிறது. என்ன செய்யலாம்?
– ஒரு அம்மா, காட்பாடி

மகள் பார்த்த படம் சித்திரையிலோ வைகாசியிலோ எடுத்ததாக இருக்கும். குண்டுமல்லி வெயில் பூ. பங்குனியில் களைகட்டினால் ஆனி, ஆடி வரைக்கும் கொட்டும். பனி இறங்கியதும் செடி சுணங்கிவிடும். போதாததற்கு நவம்பர் கடைசியில் தோட்டக்காரர்கள் செடியை முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்துவிடுவார்கள். அப்படிச் செய்தால்தான் வெயில் காலத்தில் புதுக் கிளை வெடித்து மொட்டு கட்டும். ஆகவே தையில் உங்கள் மகள் கேட்கிற பூ முக்கால்வாசித் தோட்டங்களில் செடியிலேயே கிடையாது. நிலக்கோட்டை, சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து கூடையில் கொஞ்சமாக வருவதற்கு ஊரே அடித்துக்கொள்கிறது. பொங்கல் சமயத்தில் மல்லி கிலோ 3000 ரூபாயைத் தாண்டியது என்று பேப்பரில் போடுகிறார்களே, அந்தக் கதைதான். அவ்வளவு கொடுத்து வாங்கினாலும் மொட்டு சிறுத்து, காம்பு குட்டையாக, நார் பிடிக்க இடமில்லாமல் இருக்கும்.

மல்லியே வேண்டாம் என்று சொல்லவில்லை. பெண்ணின் தலைக்கும், பெண்ணின் கூடவே நிற்கிற நாலைந்து பேர் தலைக்கும் மட்டும் வாங்குங்கள். ஜடைக்கு அடியில் காக்கடாவை நெருக்கமாகக் கட்டி, மேலே நடுவில் ஒரு வரி மல்லி ஓட்டச் சொல்லுங்கள். காக்கடாவுக்கு மணம் கிடையாது, ஆனால் பனியிலும் பூக்கும், வெளுப்பு மாறாது, விலையும் மல்லி அளவுக்கு ஏறாது. பக்கத்தில் வருகிறவருக்கு மல்லி மணம்தான் வரும். அதற்கு அந்த ஒரு வரி போதும்.

மாலைக்கு வேறு நல்ல செய்தி இருக்கிறது. தை, மாசி என்றால் மரிக்கொழுந்துக் காலம். வருஷத்தில் மற்ற மாதங்களில் காய்ந்த கட்டாக வருவது, இப்போது பச்சைப் பசேலென்று வரும். ரோஜாவுக்கும் குளிர்தான் பிடிக்கும். இப்போது பூ பெரிதாக, நிறம் அழுத்தமாக இருக்கும். சிவப்பு ரோஜா, நடுநடுவே மரிக்கொழுந்து, கீழே சம்பங்கிக் குஞ்சம் என்று ஒரு மாலை கட்டிப் பாருங்கள். அதன் வாசனையை எந்த வைகாசிக் கல்யாணத்திலும் வாங்க முடியாது. ஒரு எச்சரிக்கை: ஓசூர் ரோஜா பிப்ரவரி 14-க்கு வெளிநாட்டுக்கு விமானம் ஏறுகிறது. அதற்கு முந்தின இரண்டு வாரம் விலை எகிறும். தை கடைசி என்கிறீர்கள், சரியாக அதில் மாட்டுவீர்கள். ரோஜாவுக்கு மட்டும் இப்போதே விலை பேசி, கொஞ்சம் முன்பணம் கொடுத்துவிடுங்கள்.

மேடைக்கு மல்லி கேட்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கிறவருக்கு அது மல்லியா, காக்கடாவா, தெர்மாகோலா என்று எப்படித் தெரியும்?

என் தம்பி கல்யாணத்தில் ரிசப்ஷனுக்கு வந்த பூ அவ்வளவு அழகு. மறுநாள் காலை 6 மணி முகூர்த்தத்துக்கு அதே கடை கொடுத்த மல்லிச் சரம் பழுப்பேறி, தொட்டால் உதிர்ந்தது. பழைய பூவை எங்கள் தலையில் கட்டிவிட்டார்களா?
– வாசகி, ஆற்காடு

கட்டியிருக்கலாம். ஆனால் கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் மல்லியின் நேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள் தங்கச்சி.

விடியற்காலை இருட்டில், மொட்டு முற்றி வெளுத்து, இன்னும் வாய் திறக்காமல் இருக்கும்போது பறிப்பார்கள். அன்று சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அது தானாக மலரும். ராத்திரி மணக்கும். மறுநாள் காலையில் இதழ் ஓரம் பழுக்க ஆரம்பிக்கும். நம் பக்கத்துக் கல்யாணமோ முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் விடியலில் தாலி. மல்லி தன் முழு அழகையும் ரிசப்ஷனுக்குக் கொடுத்துவிட்டு, தாலி கட்டுகிற நேரத்தில் களைத்துப்போய் நிற்கும். அன்றைக்குப் பறித்த பூ 6 மணி முகூர்த்தத்துக்கு வரவே வராது. அணைக்கட்டு, ஊசூர் பக்கத்தில் 3 மணிக்கே டார்ச் லைட் கட்டிக்கொண்டு பறித்தாலும், வண்டி ஏறி மார்க்கெட் வந்து, கட்டி முடிப்பதற்குள் உங்கள் வீட்டில் மூன்று முடிச்சும் விழுந்திருக்கும்.

அப்படியானால் காலை முகூர்த்தத்துக்கு என்ன வழி? முந்தின நாள் காலையில் வந்த மொட்டில், முகூர்த்தச் சரத்துக்கு வேண்டியதை முதலிலேயே தனியாகப் பிரித்துவிட வேண்டும். தெர்மாகோல் பெட்டியில் அடியில் ஐஸ், பிளாஸ்டிக் பையில் நன்றாகக் கட்டி. அதன் மேல் நாலு மடிப்புப் பேப்பர். அதன் மேல் வெள்ளைத் துணி விரித்து மொட்டு. குளிர்ச்சியில் மொட்டு மலராமல் தூங்கும். ஐஸ் நேராகப் பட்டால் பட்ட இடம் கறுத்துவிடும், அதனால்தான் இவ்வளவு மடிப்பு. ராத்திரி 10 மணிக்கு மேல் எடுத்துக் கட்டி, கட்டிய சரத்தைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து, பெண்ணுக்குத் தலை பின்னி முடித்த பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும். வெளியே எடுத்ததும் சூடு பட்டு ஒவ்வொன்றாக மலரும். இதற்கு ஆளும் வேண்டும், பொறுமையும் வேண்டும், கூலியும் கூட ஆகும். "ரிசப்ஷனுக்கு 30 முழம், காலைக்கு 30 முழம்" என்று மொத்தமாகச் சொல்லிவிட்டு வந்தால் எந்தக் கடைக்காரரும் 60 முழத்தையும் ஒரே மத்தியானத்தில் கட்டித்தான் வைப்பார். "காலைப் பூவுக்கு மொட்டைப் பெட்டியில் வைப்பீர்களா?" என்று கேளுங்கள். கேள்வி புரியாதவரிடம் முகூர்த்தப் பூ கொடுக்காதீர்கள்.

சரம் கட்டுகிற விதத்தையும் கவனியுங்கள். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சை இழுக்கும்போது காம்பு பிடிபட வேண்டும், நசுங்கக் கூடாது. நசுங்கிய காம்புக்கு மேலே இருக்கிற பூ ரிசப்ஷன் முடிவதற்குள்ளேயே தலை தொங்கிவிடும். நனைத்த வாழை நார் காம்பை அணைத்துப் பிடிக்கும், ஈரமும் கொடுக்கும். நூல் காம்பை அறுக்கும். இன்றைக்கு முக்கால்வாசிக் கடையில் நூல்தான். வேகமாகக் கட்டலாம் என்பதற்காக. முகூர்த்தச் சரத்துக்கு மட்டும் நார் என்று சொல்லிவிடுங்கள். ஒரு சரத்தை விரலில் தொங்கவிட்டு லேசாக உதறினால் போதும், நாரில் நன்றாகக் கட்டியது ஒரு மொட்டைக்கூட விடாது.

இவ்வளவு பாடு வேண்டாம் என்றால், காலைக்குக் கனகாம்பரத்தையும் சம்பங்கியையும் பிரதானமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் மல்லி மாதிரி அவசரக்காரப் பூ இல்லை.

கனகாம்பரத்துக்கு வாசனையே இல்லை. அப்புறம் ஏன் கல்யாணத்தில் அதை வைக்க வேண்டும் என்று என் மருமகள் கேட்கிறாள்.
– வாசகி, பேரணாம்பட்டு

நிறத்துக்காக. கனமே தெரியாது என்பதற்காக. இரண்டு நாள் ஆனாலும் வாடாத முகத்துக்காக. மல்லிக்கு நடுவில் நாலு விரல் இடைவெளியில் ஒரு கண்ணி கனகாம்பரம் வைத்துக் கட்டி, அரக்குப் புடவை மேல் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் கேட்டால் எனக்கு எழுதுங்கள்.

வைகாசி முதல் வாரத்தில் தங்கைக்குக் கல்யாணம். எங்கள் வீட்டு மொட்டை மாடியிலேயே பந்தல் போடுகிறோம். பக்கத்தில் எல்லோரும் "வெயிலில் பூ நிற்காது, பிளாஸ்டிக் போட்டுவிடு" என்கிறார்கள். நிஜப் பூவில் செய்ய வழி உண்டா அக்கா?
– தம்பி, குடியாத்தம்

குடியாத்தத்தில் வைகாசி முதல் வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள், வெயிலைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறீர்கள். வைகாசி ஒண்ணாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை மறந்துவிட்டீர்களா தம்பி? சிரசு ஊர்வலத்துக்கு மாலை போடாத தெரு உண்டா உங்கள் ஊரில்? மல்லி அந்த மாதம் தாராளமாக வரும், பூவுக்குப் பஞ்சம் இருக்காது. மாலை கட்டுகிற கைக்குத்தான் பஞ்சம். திருவிழா முடிந்து இரண்டு நாள் யாரும் போன் எடுக்க மாட்டார்கள். வேலூரில் எங்களுக்கும் இதே பாடு சித்ரா பௌர்ணமிக்கு உண்டு. புஷ்பப் பல்லக்கு வேலை வந்துவிட்டால் சொந்த அண்ணன் வீட்டுக் கல்யாணமானாலும் கைகட்டி நிற்க வேண்டியதுதான். அதனால் நீங்கள் பங்குனியிலேயே ஆளைப் பிடித்துவிடுங்கள். பூ ஆர்டர் பிறகு கொடுக்கலாம்.

இப்போது வெயில். அக்னி நட்சத்திரம் மே 28 வாக்கில்தான் முடியும். மொட்டை மாடியில் கீழே இருந்தும் சூடு, மேலே இருந்தும் சூடு. ஜெர்பரா கழுத்து ஒடிந்து தொங்கிவிடும். டெக்கரேஷன்காரர் காட்டுகிற ஆல்பத்தில் அதுதான் நிறைய இருக்கும், வேண்டாம் என்று சொல்லுங்கள். மேடையைப் பூவால் நிரப்பாதீர்கள், இலையால் நிரப்புங்கள். தென்னங்குருத்து, மாவிலை, பாக்குக் குலை, வாழை. குருத்தோலையில் கிளி, மணி, பாய் பின்னுகிற கை இன்னும் நம் கிராமங்களில் இருக்கிறது. தேடிப்பிடியுங்கள், மாடி முழுக்கக் கட்டினாலும் ஜெர்பரா செலவில் பாதிகூட ஆகாது. இலை வெயிலுக்கு அசையாது. பூவை வாசலில் ஒரு தோரணம், மேடையில் பெண் மாப்பிள்ளை தலைக்கு நேராக ஒரு வரி, அவ்வளவுதான். அதையும் காலை 4 மணிக்கு மாட்டச் சொல்லுங்கள், முந்தின நாள் ராத்திரி அல்ல.

மாலைக்கு ஒரு யோசனை: ரிசப்ஷனுக்கு வெட்டிவேர் மாலை. வெட்டிவேரைத் திரித்து, இடையிடையே சம்பங்கியோ ரோஜாவோ வைத்துக் கட்டுவார்கள். கழுத்தில் போடுவதற்கு முன் லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும், அந்த வெயிலில் தங்கைக்குக் கழுத்துக்குள் காற்று வந்த மாதிரி இருக்கும். ரோஜா இதழ் மாலை போட்டுவிடாதீர்கள். பார்க்க ராஜா ராணி மாதிரி இருக்கும், கனம் தாங்காது, வியர்வையில் சிவப்பு இறங்கி மாப்பிள்ளை சட்டையில் கோலம் போடும்.

ரிசப்ஷன் பூவுக்கு மல்லியைத் தயங்காமல் வாங்குங்கள். அதற்கு இதுதான் மாதம்.

கார்த்திகையில் நிச்சயதார்த்தம் வைத்தோம். சாமந்தி சீசன் என்று மேடை முழுக்க மஞ்சள் சாமந்தி சொன்னோம். மழை. பூ வந்தபோதே ஒரு நாற்றம். மாசியில் கல்யாணத்துக்கும் சாமந்திதான் வேண்டும் என்கிறார் சம்பந்தி. பயமாக இருக்கிறது.
– வாசகர், வாலாஜா

சம்பந்தி சொன்னதில் தப்பில்லை அண்ணா. மழைதான் தப்பு.

சாமந்தி, பகல் பொழுது குறைந்தால்தான் மொட்டு கட்டும். அதனால்தான் புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகையில் அப்படிக் குவிகிறது. ஆயுத பூஜைக்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்குவதும் அதனால்தான். ஆனால் நம் பக்கத்தில் வடகிழக்கு மழையும் அப்போதுதான். சாமந்தியும் துலுக்கச் சாமந்தியும் நெருக்கமாக இதழ் அடுக்கிய பூ. உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. சாக்கில் அமுக்கிக் கட்டி, அந்தச் சாக்கு லாரியில் ஒரு ராத்திரி கிடந்தால் உள்ளே வெந்துவிடும். உங்களுக்கு வந்த நாற்றம் அது. கிலோ கணக்கில் வாங்கும்போது இன்னொரு நஷ்டமும் உண்டு: தண்ணீரும் தராசில் ஏறும். மழை நாளில் 10 கிலோ வாங்கினாலும் வெயில் நாளின் 10 கிலோ அளவுக்குப் பூ இருக்காது, மேடையில் பாதியில் தீர்ந்துவிடும்.

வாங்கும்போது மூட்டை மேலே இருக்கிற பூவைப் பார்க்காதீர்கள். கையை முழங்கை வரை உள்ளே விடுங்கள். சூடாக இருந்தால் வேண்டாம். நடுவிலிருந்து ஒரு பூ எடுத்துக் கவிழ்த்துக் காம்புப் பக்கம் கட்டை விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் நல்ல பூ. பிசுபிசுப்பாகப் பழுப்பு ஒட்டினால் காலையில் இதழ் கொட்டும்.

மாசியில் மழை பயம் கிடையாது. சீசன் கடைசி என்பதால் விலை கொஞ்சம் கூடும், ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்துப் பூவை நம்ப வேண்டியிருக்கும். அதில் ஒன்றும் மோசமில்லை. மஞ்சள் பாதி, வெள்ளை பாதியாகக் கேளுங்கள். வெள்ளை முழுமேடை வேண்டாம், ஒரு சின்னக் கறைகூட அதில் கண்ணை உறுத்தும். இன்னொன்று: மழைக்கால விசேஷம் எதிலும் கோழிக்கொண்டையும் சாயம் ஏற்றிய சம்பங்கியும் வேட்டிக்கு மேலே தொங்கக் கூடாது. நனைந்தால் சாயம் இறங்கும். பட்டு வேட்டியில் பட்ட சிவப்பு எந்தச் சோப்புக்கும் போகாது.

அடுத்த முறை கார்த்திகையில் விசேஷம் வைத்தால் திருவண்ணாமலை தீபம் என்றைக்கு என்று முதலில் பாருங்கள். அந்த வாரம் நம் மார்க்கெட்டுக்கு வர வேண்டிய பூவில் பெரும்பகுதி அங்கே போய்விடும்.

எங்கள் அக்கா நிக்காஹ் பத்து வருஷத்துக்கு முன்னால் ஷவ்வால் மாதத்தில் நடந்தது. மாப்பிள்ளைக்குக் கட்டிய சேரா இன்னும் எல்லோரும் பேசுவார்கள். எனக்கும் ஷவ்வாலில்தான். அதே மாதிரி மல்லி சேரா கிடைக்குமா?
– தங்கை, வாணியம்பாடி

கிடைக்கும். ஆனால் ஷவ்வால் அதே ஷவ்வால் என்று நினைக்காதேம்மா. ஒவ்வொரு வருஷமும் 10, 11 நாள் முன்னால் வருகிறது. அக்கா கல்யாணம் ஜூலையில் நடந்திருக்கும், இப்போது ஷவ்வால் மார்ச்சில். இரண்டுமே மல்லிக்குத் தோதான மாதங்கள், அதிர்ஷ்டக்காரி. மார்ச் நடுவில் பூ மார்க்கெட்டுக்கு வர ஆரம்பித்திருக்கும், மொட்டு திரட்சியாக இருக்கும். உன் கடைசித் தம்பிக்கு 2030-இல் என்றால் ஷவ்வால் பிப்ரவரியில் விழும், அப்போது விலை வேறு கதை.

சேரா முகத்துக்கு நேராகத் தொங்குகிற சரம். அதனால் மாலைக்குப் பார்ப்பதைவிட இதற்கு அதிகமாகப் பார்க்க வேண்டும். மல்லிச் செடியில் மொட்டுப்புழு விழும், அதற்கு மருந்து அடிப்பார்கள். மாப்பிள்ளை உதட்டிலும் மூக்கிலும் படுகிற பூ இது. மொட்டைத் தண்ணீரில் ஒரு முறை அலசி, நிழலில் துணி மேல் பரப்பி, ஈரம் போன பிறகு கட்டச் சொல்லு. சரத்துக்குச் சரம் அரை விரல் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் மூச்சு முட்டும். பன்னீர் ரோஜாவைச் சேராவில் சேர்க்காதே. மணம் அபாரம், ஆனால் இதழ் நிற்காது, மாப்பிள்ளை தும்மினால் பாதி சேரா கீழே இருக்கும். அதை உதிரியாகத் தட்டில் வைத்துத் தூவிக்கொள்ளுங்கள். நுனிக்குப் பட்டன் ரோஸ் போதும்.

மே மாதம் சர்ச்சில் என் திருமணம். காலை 10.30 ஆராதனை. கையில் பிடிக்கிற பொக்கே வெள்ளையாக, மணமாக இருக்க வேண்டும். இறக்குமதிப் பூ இல்லாமல் முடியுமா?
– வாசகி, வேலூர்

தாராளமாக முடியும். அடுக்குச் சம்பங்கியைக் கேளுங்கள். மாலைக்கு ஒற்றைச் சம்பங்கி, பூச்சாடிக்கும் பொக்கேவுக்கும் அடுக்கு. அடியில் மூன்று நான்கு பூ மட்டும் விரிந்த தண்டாகப் பொறுக்கினால் ஆராதனை முடிகிற வரைக்கும் ஒவ்வொன்றாக விரிந்துகொண்டே வரும். அதோடு வெள்ளை ரோஜா, கொஞ்சம் கார்னேஷன், இடையில் ஜிப்சி என்கிற பொடி வெள்ளைப் பூ. முடிந்தது. மே மாதத்தில் நம் ஊரில் 40 டிகிரி சாதாரணம், அந்தச் சூட்டில் ஹைட்ரேஞ்சியா மாதிரிப் பூவை நம்பி இறங்காதீர்கள். லில்லி வைத்தால் நடுவில் இருக்கிற மகரந்தத்தைக் கிள்ளி எடுத்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள், வெள்ளை கவுனில் அந்த மஞ்சள் பட்டால் போகாது. கார் சர்ச் வாசலில் நிற்கிற வரைக்கும் தண்டு தண்ணீரில் இருக்கட்டும். தண்டைத் துடைத்து ரிப்பனைச் சரி செய்ய ஒரு நிமிஷம் போதும். அந்த வேலையை ஒரு அத்தையிடம் ஒப்படைத்துவிடுங்கள். தோழிகளிடம் கொடுத்தால் செல்ஃபியில் மறந்துவிடுவார்கள்.

மண்டபத்தில் ஏசி ரூம் இருக்கிறதே என்று மாலை, சரம் எல்லாவற்றையும் வரிசைத் தட்டுகளோடு அங்கேயே வைத்தோம். காலையில் பார்த்தால் எல்லாம் துவண்டு கிடந்தது. ஏசியில் வைத்தும் ஏன்?
– வாசகர், ஆரணி

வரிசைத் தட்டில் என்னென்ன வைத்திருந்தீர்கள்? வாழைப்பழத் தார், ஆப்பிள், மாம்பழம்? அதுதான் காரணம். பழுக்கிற பழம் எத்திலீன் என்ற வாயுவை விடும். அதே வாயு பூவுக்கு வயதை ஏற்றிவிடும். கதவு சாத்திய ரூமில் ஒரு ராத்திரி போதும், ரோஜா தலை சாயும், கார்னேஷன் இதழைச் சுருட்டிக்கொண்டு தூங்கும். பழத்துக்கு ஒரு ரூம், பூவுக்கு ஒரு ரூம்.

ஏசியும் முழு நல்லவர் இல்லை. குளிர்ச்சியைக் கொடுத்துவிட்டு ஈரத்தை உறிஞ்சிவிடும். மாலையைத் தொங்கவிடாமல், வாழை இலை விரித்து, வளையமாகச் சுற்றி வைத்து, மேலே நனைத்துப் பிழிந்த துணி போட வேண்டும். ஃபேன் காற்று நேராகப் படக் கூடாது. சிலர் எதற்கும் இருக்கட்டும் என்று ஃபிரிட்ஜில் திணிப்பார்கள். மல்லிச் சரம் தாங்கும். ஆர்க்கிட், ஆந்தூரியம் தாங்காது, அதிகக் குளிரில் கறுத்துவிடும்.

பிளாஸ்டிக் பூ மேடையைப் பற்றி உங்கள் அபிப்ராயம்?
– வாசகர், ராணிப்பேட்டை

மேல் கூரைக்கும், யாரும் எட்டாத உயரத்துக்கும் போடுங்கள், சண்டைக்கு வர மாட்டேன். என் பிழைப்பில் மண் விழுகிறது என்பதற்காகச் சொல்லவில்லை: பெண்ணும் மாப்பிள்ளையும் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருப்பது நிஜப் பூவாக இருக்க வேண்டும். வாடகை பிளாஸ்டிக் பூவில் எத்தனை கல்யாணத்துத் தூசி இருக்கிறது என்று ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

பேத்தி கல்யாணம், ஆவணியில். வீட்டில் கையிருப்பு குறைவு. பூவுக்கென்று பெரிதாகச் செலவு செய்ய முடியாது. எதை விடலாம், எதை விடக் கூடாது என்று சொல்லு தங்கச்சி.
– ஒரு பெரியவர், திருப்பத்தூர்

ஐயா, விடக் கூடாதது: தாலி கட்டும்போது மாற்றுகிற மாலை ஒரு ஜோடி, பெண் தலைக்கு நல்ல சரம், வாசலுக்கு மாவிலைத் தோரணம், வாழை மரம் இரண்டு. வந்தவர்கள் தலைக்கு ஆளுக்கு ஒரு சாண் பூ. இதில் கஞ்சத்தனம் வேண்டாம், பூ இல்லாமல் அனுப்பினார்கள் என்ற பேச்சு பேத்தி காதுக்கு வந்து சேரும்.

விடலாம் என்றால்: கார் அலங்காரம், நடைபாதையில் இருபுறமும் நிறுத்துகிற பூச்சாடி, ரிசப்ஷனுக்குத் தனி மாலை. ரிசப்ஷனில் மாலை வேண்டுமென்றால் சம்பங்கியில் மெல்லிசாக ஒரு ஜோடி போதும். ஆவணியில் சம்பங்கி நன்றாக வரும், ஊர்ப்பக்கத் தோட்டத்திலேயே கிடைக்கும். ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரிக்கும் திருத்தணிக்கும் காவடி காவடியாகப் பூ போய் முடிந்த பிறகு ஆவணி முதல் சில நாள் மார்க்கெட் கொஞ்சம் மூச்சு விடும். நாள் குறிக்கும்போது இரண்டு முகூர்த்தம் சொன்னார்கள் என்றால் விநாயகர் சதுர்த்தியை ஒட்டியதை விட்டுவிட்டு மற்றதை எடுங்கள். சதுர்த்திக்கு முந்தின நாள் அருகம்புல்லுக்கே விலை வந்துவிடும். பெரிய முகூர்த்த நாளாக இல்லாமல் வாரத்தின் நடுவில் வருகிற சின்ன முகூர்த்தமாக இருந்தால் பூ, மண்டபம், மேளம் மூன்றுமே குறையும்.

உங்கள் ஊரிலிருந்து ஏலகிரி அடிவாரத்துத் தோட்டக்காரர் யாரையாவது தெரிந்திருந்தால் உதிரிப்பூவை நேராக வாங்கி, வீட்டுப் பெண்கள் நாலு பேர் உட்கார்ந்து கட்டிவிடுங்கள். கட்டுக்கூலி முழுக்க மிச்சம். மாலையை மட்டும் கடையில் கொடுங்கள், அது வேறு கை.

தாழம்பூ வைத்துப் பின்னிக்கொள்ள ஆசை. எப்போது கிடைக்கும்?
– வாசகி, அரக்கோணம்

மழைக்காலத்தில். கடைக்காரரிடம் ஒரு வாரம் முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும், தினமும் வருகிற பூ அல்ல. வாங்கியதும் மடல் ஓரத்து முள்ளைச் சீவிவிட்டு, உள்ளே பூச்சி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் உதறிப் பார்த்து, வெளிர்மஞ்சள் உள்மடலை மட்டும் மடித்துப் பின்னலில் சொருகச் சொல்லுங்கள். மிச்ச மடலை வீசிவிடாதீர்கள், பட்டுப்புடவை பெட்டிக்குள் போடுங்கள்.